நீல டின்னில் மிச்சம்

"டீச்சர், நீல டின் இனிமே வராதாம்."

சடையப்பன் அதைச் சொன்ன தொனியைக் கேட்டால், வீட்டில் யாரோ தவறிப்போன மாதிரி இருந்தது.

டீச்சர் படியில் உட்கார்ந்து மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்த நீல டின்?"

"என்னங்க டீச்சர் இப்படிக் கேக்குறீங்க? என் துப்பாக்கிக்குப் போடுற மருந்துங்க. கம்பெனிக்காரன் நிறுத்திட்டானாம். இனிமே அந்த மருந்தே கிடையாதுன்னு கடைக்காரன் போன்லயே சொல்லிட்டான்."

"கையில எவ்வளவு இருக்கு?"

"அரை டின்."

"அப்ப அரை டின் சுடுங்க."

"அதுக்கப்புறம்?"

"டின் காலியா இருக்கும்."

சடையப்பன் அடுத்த வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு நின்றார். டீச்சர் அடுத்த பூண்டை எடுத்தார்.

*

மேல்மலையில், மேகம் வந்து முட்டி நிற்கிற ஒரு மேட்டில் அந்த ரைபிள் கிளப் இருந்தது. ஒரு தகரக் கொட்டகை. அதில் நாலு மேசை. நூறு மீட்டர் தள்ளி ஒரு மண்மேடு. மண்மேட்டின் முன்னால் குறி அட்டை குத்தி வைக்க ஒரு சட்டம். அவ்வளவுதான் கிளப்.

அங்கே தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சர்க்கார் அனுமதி வாங்கி, தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, துடைத்து, மருந்தை மணிக் கணக்கில் தராசில் நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்தினால் அது மறுபடி தோட்டா.

இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவர் சலேத்து டீச்சர். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதால் டீச்சர். வயசு நாற்பத்தைந்து இருக்கும். சடையப்பனுக்கு அறுபத்திரண்டு. வயசில் மூத்த சீடர், வயசில் இளைய குரு. அவர் இவரை டீச்சர் என்பார், இவர் அவரை அண்ணே என்பார். ரெண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

கொட்டகையின் வலப்பக்கச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. நூறுப் பலகை என்று பேர். பத்துத் தோட்டா, பத்தும் நடுப்புள்ளி. தோட்டாவுக்குப் பத்து வீதம் நூறு. அப்படிச் சுட்டவர்கள் பேர் அதில் இருக்கும்.

நாலு பேர்தான் இருந்தது. நாலாவது பேர் சலேத்து மேரி.

ஐந்தாவது பேருக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடத்தைச் சடையப்பன் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவருக்குக் கீழ்மலையில் காப்பித்தோட்டம். தோட்டத்துக்குப் பன்றி வருமென்று பாட்டன் காலத்தில் வாங்கின துப்பாக்கி. அவர் கன்னம் வைக்கிற இடத்தில் அதன் கட்டை தேய்ந்து, எண்ணெய் தடவின மாதிரி பளபளவென்று இருக்கும். கன்னம் ஒரு நூல் நகர்ந்தால் குண்டும் நகரும். நீல டின் மருந்தைப் போட்டால் அந்தத் துப்பாக்கி ஒரே ஓட்டையில் குண்டைக் கொண்டுபோய் வைக்கும். அப்படித்தான் அவர் சொல்வார்.

"அப்ப பலகையில ஏன் மாப்ளே பேர் இல்லை?" என்று கேட்பார் மீராக்கனி ராவுத்தர். அவர் பேரிக்காய் வியாபாரி, சடையப்பன் வயசுதான். மேசைப் பக்கத்தில் தூரக்கண்ணாடியை முக்காலியில் நிறுத்தி, அதில் கண்ணை வைத்துக்கொண்டு, யார் சுட்டாலும் புள்ளி சொல்லுவார். சுடுவதைவிட அதுதான் அவருக்குப் பிரியம்.

"வரும் மாமா. வரும்."

"வர்றதுக்குள்ள பலகை செல்லரிச்சுப் போயிரும்."

இந்த வருஷம் சடையப்பனுக்கு ஒரு அவசரம் இருந்தது. வலக்கண்ணில் புரை. தை பிறந்ததும் ஆபரேஷன் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். அறுத்து வேற கண்ணாடி வைத்த பிறகு, கண் பழைய கண்ணாக இருக்குமா என்று அவருக்குச் சந்தேகம்.

ஆக, தைக்கு முன்னால் நூறு. கையில் இருப்பது அரை டின்.

*

அதன் பிறகு சடையப்பன் சுடுவதைக் குறைத்துக்கொண்டார். வாரத்துக்கு ஒரு அட்டை சுட்டவர், மாசத்துக்கு ஒரு அட்டை என்று ஆனார். பிறகு அதுவும் இல்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவார். வந்து படியில் உட்கார்ந்து டீச்சரிடம் கேட்பார்.

"டீச்சர், நீல டின்னைக் குளிர்ல வெச்சா நல்லதா, கதகதப்புல வெச்சா நல்லதா?"

"சுட்டா நல்லது."

"டீச்சர், ஒரு தோட்டாவுக்கு ரெண்டு மணி மருந்து குறைச்சா, கூட நாலு தோட்டா வருமே. தப்பா?"

"வீட்டுல அரிசி பத்தலைன்னா உங்க பொண்டாட்டி என்ன செய்வாங்க?"

"உலையில அரிசியைக் குறைப்பா."

"அது உலை அண்ணே. இது துப்பாக்கி. அளவுன்னா அளவு."

"டீச்சர், நீங்க நூறு போட்டது நீல டின்லதானே?"

டீச்சர் ஒரு பூண்டுப் பல்லை எடுத்து அவர் கையில் வைத்தார். சடையப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னவோ பெரிய விஷயம் அதில் இருக்கிறது என்று நினைத்தார்.

"என்ன டீச்சர் இது?"

"உரிங்க. சும்மாத்தானே உக்காந்திருக்கீங்க."

*

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. மழை விட்டிருந்தது. சடையப்பன் ஜீப்பை விட்டுக் குதிக்காத குறையாக இறங்கினார். கையில் நீல டின்.

"டீச்சர்! தூக்கிப் பாருங்க!"

டீச்சர் தூக்கிப் பார்த்தார். டின் நிறைய இருந்தது.

"எங்க கிடைச்சுது?"

"நம்ம எஸ்டேட் ஞானாதிக்கம் இருந்தாரே, போன வருஷம் போய்ச் சேந்தாரே, அவரு மகன் வீட்டுல. பழைய சாமான் ஒழிச்சிருக்கான். அலமாரிக்குப் பின்னால இதே நீல டின், இதே லேபிள், அரை டின் இருந்துது. மாமா எடுத்துக்குங்கன்னு குடுத்துட்டான். ரெண்டு அரை டின் எதுக்குன்னு ஒண்ணாக் கொட்டி நிறைச்சுட்டேன்."

டீச்சர் டின்னைக் கீழே வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"அந்த டின் மூடி சீல் வெச்சிருந்துதா?"

"இல்லைங்க. அவரு திறந்து பாதி போட்டதுதானே. அதான் அரை டின்."

"திறந்த டின்."

"திறந்ததுதான். ஆனா அதே லேபிளுங்க."

மீராக்கனி தூரக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"மாப்ளே, யாரு, எஸ்டேட் ஞானாதிக்கமா? காப்பித்தூள் டப்பால ஆணி போட்டு வெச்சிருந்த ஆளு. ஊறுகா ஜாடியில மண்ணெண்ணெய் வெச்சிருந்த ஆளு. அவரு டின்னுல லேபிளைப் பாத்தா நீ நம்புனே?"

சடையப்பன் லேபிளை மறுபடி ஒரு தரம் பார்த்தார்.

டீச்சர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு பெரிய வெள்ளைத் தட்டு கொண்டுவந்தார். அதில் ஒரு கை மருந்தைக் கொட்டினார். கறுப்புக் கறுப்பாக, எள்ளை நறுக்கிப் போட்ட மாதிரி, தட்டு நிறையப் பரவியது.

"அண்ணே, உங்க மருந்து நல்ல மருந்து. பதினோரு வருஷமாத் தெரியும். அதை நிரப்ப எனக்கு ஆட்சேபணை இல்லை."

"அதானே டீச்சர்."

"இதுல உங்களோடதை மட்டும் பொறுக்கி எடுங்க."

சடையப்பன் தட்டைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். நல்ல கண்ணால் பார்த்தார். விரல் நுனியால் ரெண்டு மணியை ஒதுக்கினார். பிறகு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே மாதிரிதானே டீச்சர் இருக்கு. ஒருவேளை ஒரே மருந்தாவே இருக்கலாமே."

"இருக்கலாம்."

"அப்ப சுட்டுப் பாத்தா தெரிஞ்சு போகுமே."

"தெரியும். வேற மருந்தா இருந்தா, உங்க கன்னம் இருக்கிற இடத்துலதான் தெரியும்."

தகரத்தின் மேலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

"என்னோட அரை டின்னும் போச்சா?"

"போச்சு அண்ணே."

*

மண்மேட்டுக்குப் பக்கத்தில், புல் முளைக்காத ஒரு பொட்டல் இருந்தது. நாலு நாள் வெயில் அடித்து அது காய்ந்த பிறகு, அடுத்த ஞாயிறு, டீச்சர் சடையப்பனை அங்கே கூட்டிப்போனார். டின்னை அவரையே தூக்கிவரச் சொன்னார்.

கோலமாவு விடுகிற மாதிரி, மருந்தை மெல்லிசாக நீளக் கோடாகப் போட்டார். கொஞ்சமாகத்தான். டின்னை மூடித் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார். நீளக் கம்பு ஒன்றின் நுனியில் துணியைச் சுற்றிக் கொளுத்தி, சடையப்பன் கையில் கொடுத்தார்.

"நானா?"

"உங்க மருந்துதானே."

சடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோளைக் குறுக்கிக்கொண்டார். பதினோரு வருஷம் அந்த மருந்து தோளில் உதைத்த உதை அவருக்குத்தான் தெரியும். கம்பை நீட்டினார்.

புஸ்ஸென்று ஒரு மஞ்சள் சுடர் எழுந்தது. கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துபோனது. அணைந்தது.

அவ்வளவுதான்.

சடையப்பன் கண்ணைத் திறந்தார்.

"சத்தமே வரலையே டீச்சர்."

"அடைச்சு வெச்சாத்தான் அண்ணே சத்தம்."

கோடு போட்டுக் கோடு போட்டு டின்னைத் தீர்த்தார்கள். நாலாவது கோட்டுக்கு மேல் சடையப்பன் முகத்தைத் திருப்பவில்லை. ஆறாவது கோட்டை அவரே போட்டார், வளைத்து, பாம்பு மாதிரி. தீ பாம்பு போனபடியே போனது. மீராக்கனி தூரக்கண்ணாடியை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்து, "ஏழு புள்ளி!" என்று கத்தினார்.

சடையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத நேரத்தில் வந்ததால் அதைக் கொஞ்சம் மறைக்கவும் பார்த்தார்.

*

திரும்பி நடந்து வரும்போது அவருக்கு ஞாபகம் வந்தது.

"டீச்சர்! பெட்டியில பத்துத் தோட்டா இருக்கு! கலக்குறதுக்கு முன்னால நிரப்புனது. சுத்தமான நீல டின்!"

"தெரியும்."

"பத்து. சரியாப் பத்து. ஒரு அட்டைக்கு."

"அட்டை குத்தட்டுமா?"

சடையப்பன் நின்றுவிட்டார்.

"இன்னிக்கு வேணாம் டீச்சர். இன்னிக்குக் கை நடுங்குது. நல்ல நாளாப் பாத்துச் சுடணும். அதுவரைக்கும் அந்தப் புது மருந்து, மஞ்ச டின்னு ஒண்ணு வந்திருக்காமே, அதை நிரப்பிப் பழகுறேன். இந்தப் பத்தை மட்டும் எடுத்து வெச்சுடுறேன்."

டீச்சர் கொட்டகையின் உள்ளே கையைக் காட்டினார். தோட்டா நிரப்புகிற மேசைக்கு மேல் சுவரில், சாக்கட்டியில் ரெண்டு வரி எழுதியிருந்தது. கிளப் தொடங்கின நாளிலிருந்து அங்கே இருக்கிற வரிகள்.

மேசையில் ஒரு டின்தான்.

பெட்டியில் ஒரு மருந்துதான்.

"பழசு ஒண்ணு மிச்சம் இருந்தாலும் உங்களுக்குப் புதுசு திறக்க மாட்டேன் அண்ணே. ரெண்டு மருந்து ஒரு பெட்டியில இருந்தா என்னிக்காச்சும் ஒண்ணுக்கு ஒண்ணு மாறிப் போகும். மாறினா என்ன ஆகும்னு இப்பத்தான் பாத்தீங்க."

"எனக்காக ஒரு தரம்..."

"மொத்தமாச் சுட்டுட்டு வாங்க. மஞ்ச டின்னு ஓடிப் போகாது."

*

கார்த்திகை முழுக்கச் சடையப்பன் வந்தார். பெட்டியோடு வந்தார். பெட்டியோடு போனார்.

ஒரு ஞாயிறு மஞ்சு. எதிரே மண்மேடே தெரியவில்லை.

ஒரு ஞாயிறு காற்று. யூக்கலிப்டஸ் மரமெல்லாம் பேய் பிடித்த மாதிரி ஆடியது.

ஒரு ஞாயிறு நல்ல வெயில். காற்று இல்லை. சடையப்பன் மேசையில் உட்கார்ந்தார். கன்னத்தைக் கட்டையில் வைத்தார். எடுத்தார். அன்றைக்குக் காப்பி குடித்துவிட்டதால் நெஞ்சு படபடக்கிறது என்றார்.

"என்ன மாப்ளே, அடைகாக்குறியா?" என்றார் மீராக்கனி. "இருபத்தொரு நாள்ல குஞ்சு பொரிச்சிரும். அதுக்குள்ள சுட்டுரு."

"உனக்கென்ன மாமா, நீ பேரிக்கா விக்கிறவன்."

"பேரிக்காயை உன்னை மாதிரி வெச்சுப் பாத்துட்டிருந்தேன்னா, நான் இந்நேரம் பேரிக்கா ஊறல்தான் வித்துட்டு இருப்பேன்."

ஒவ்வொரு ஞாயிறும் காலையில் டீச்சர் சட்டத்தில் ஒரு புது அட்டை குத்தி வைப்பார். சாயங்காலம் எடுத்து வைப்பார். ஓட்டை விழாத அட்டை.

மார்கழி பிறந்தது. மேல்மலை மார்கழிக்கு ஒரு தெளிவு உண்டு. வானத்தைத் துடைத்து மாட்டின மாதிரி இருக்கும். முதல் ஞாயிறு சடையப்பன் வந்தபோது, டீச்சர் அட்டையை எடுத்துக்கொண்டு மண்மேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அந்தக் குளிரில், காலில் செருப்பில்லாமல், பனிப் புல்லில் நூறு மீட்டர் போய், குத்திவிட்டு, நூறு மீட்டர் திரும்பி வந்தார்.

இந்தச் சோலியை இவர் எத்தனை தடவை செய்திருப்பார் என்று சடையப்பனுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

"டீச்சர், சுட்டுடுறேன்."

"சரி அண்ணே."

*

முதல் தோட்டா.

மீராக்கனி தூரக்கண்ணாடியில் கண்ணை வைத்திருந்தார். "பத்து."

இரண்டாவது. "பத்து."

மூணு, நாலு, அஞ்சு. "பத்து. பத்து. அதே ஓட்டைடா மாப்ளே. பத்து."

ஆறாவதுக்குப் பிறகு மீராக்கனி கேலியை நிறுத்திவிட்டார். குரலைத் தாழ்த்தி, தொழுகையில் இருக்கிறவர் மாதிரிச் சொன்னார். "பத்து."

ஏழு. எட்டு. ஒன்பது.

ஒன்பதும் பத்து.

சடையப்பன் பத்தாவது தோட்டாவைப் போட்டார். கன்னத்தைக் கட்டையில் வைத்தார். பிறகு கன்னத்தை எடுத்து, தலையைத் திருப்பி, வலப்பக்கச் சுவரில் இருந்த பலகையை ஒரு பார்வை பார்த்தார். ஐந்தாவது பேருக்கான இடம் அங்கேயே இருந்தது. கன்னத்தைத் திரும்ப வைத்தார்.

சுட்டார்.

மீராக்கனி தூரக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மாமா?"

"ஏழு. வலது பக்கம், கீழே."

தொண்ணூற்றேழு.

*

சடையப்பன் கொஞ்ச நேரம் துப்பாக்கியைத் தடவிக்கொண்டிருந்தார். அழவெல்லாம் இல்லை. பித்தளைக் கூடு பத்தையும் பொறுக்கிப் பெட்டியில் வைத்தார்.

"எப்பவும் அந்த ஒண்ணுதான் டீச்சர். எப்பவும் அந்த ஒண்ணு. ஒரு தடவை காத்துன்னு நெனைச்சேன். ஒரு தடவை கூடு சரியில்லைன்னு நெனைச்சேன். ஒரு மணி மருந்து கூடக்கொறைய விழுந்திருக்கும்னு நெனைச்சேன்."

டீச்சர் அட்டையை எடுத்துவந்து தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"பெட்டி காலியா?"

"காலி."

"மேசைக்கு வாங்க."

மஞ்சள் டின்னைத் திறந்தார். புது மருந்துக்குப் புது வாசம் இருந்தது. சடையப்பன் மூக்கைச் சுருக்கினார்.

"இது நம்ம துப்பாக்கிக்கு ஒத்துக்காது டீச்சர்."

"அதுகிட்டக் கேட்டீங்களா?"

குறைந்த அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு அளவுக்கும் சுட்டுப் பார்த்து, நோட்டில் எழுதி, அந்த வேலைக்கே ரெண்டு ஞாயிறு ஆனது. புதுப் பெண்டாட்டியிடம் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார் சடையப்பன். பழைய பெண்டாட்டி காதில் விழப்போகிறது என்றார் மீராக்கனி. அந்த ரெண்டு ஞாயிறும் சடையப்பன் நிறையச் சுட்டார். ஒரு வருஷத்தில் சுடாததைச் சுட்டார். தோள் வலித்தது. பசித்தது. டீச்சர் கொண்டுவந்த பூண்டுக் குழம்பைச் சட்டியோடு வழித்துச் சாப்பிட்டார். ஒரு சாயங்காலம் ஜீப்பில் ஏறும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

மூணாவது ஞாயிறு டீச்சர் அட்டை குத்தினார்.

"பத்துப் போடுங்க அண்ணே."

"சும்மா ஒரு அட்டைதானே? கணக்குக்கு இல்லையே?"

"சும்மாதான்."

*

"பத்து," என்றார் மீராக்கனி. "பத்து. பத்து."

சடையப்பன் அவசரப்படவில்லை. நிதானமாகச் சுட்டார். மஞ்சள் டின் மருந்து தோளை மெத்தென்று தள்ளியது.

"பத்து. பத்து. மாப்ளே, இது நல்ல மருந்துடா. பத்து."

ஏழு. எட்டு.

"ஒன்பதும் பத்து."

சடையப்பன் கை தோட்டாப் பெட்டி மேல் நின்றது. ஒன்றுதான் மிச்சம்.

"மஞ்ச டின்லயா?" என்று மெல்லக் கேட்டார், யாரையும் பார்க்காமல்.

போட்டார். கன்னத்தை வைத்தார். கன்னத்தை எடுத்தார். வலப்பக்கம் திரும்பிப் பலகையைப் பார்த்தார். கன்னத்தை வைத்தார்.

சுட்டார்.

மீராக்கனி தூரக்கண்ணாடியை விட்டு எழுந்துவிட்டார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.

"ஏழு," என்றார். "வலது பக்கம், கீழே. போய் டீ குடிப்போம் வா மாப்ளே."

*

டீச்சர் போய் அட்டையை எடுத்துவந்தார். நோட்டைத் திறந்து, மூணு வாரத்துக்கு முந்தின நீல டின் அட்டையையும் எடுத்தார். ரெண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்பும் விளிம்பும் சேர வைத்து, கொட்டகை வாசலில் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இங்க வந்து நில்லுங்க அண்ணே."

சடையப்பன் வந்து நின்றார்.

நடுவில் ஒன்பது குண்டும் சேர்ந்து தின்ற ஓட்டை. அதன் வழியே வெளிச்சம் வந்தது. வலது பக்கம் கீழே இன்னொரு ஓட்டை. பட்டாணி அளவுதான். ரெண்டு அட்டையிலும் ஒரே இடத்தில். அதன் வழியாகவும் வெளிச்சம் வந்தது. வந்து சடையப்பன் கன்னத்தில் விழுந்தது.

அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

வெளிச்சம் விரல்மேல் ஏறியது.

தன் மேசையைப் பார்த்தார். கட்டையில் கன்னம் வைக்கிற பளபளப்பைப் பார்த்தார். தலையை மெல்ல வலப்பக்கம் திருப்பிப் பலகையைப் பார்த்தார். மறுபடி மேசை. மறுபடி பலகை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. தொப்பையில் தொடங்கி, தோளுக்கு ஏறி, இருமலில் போய் முடிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அந்தப் புரை விழுந்த கண்ணிலும்.

"மாமா, உனக்குத் தெரியுமா?"

"என்னது? நான் கண்ணாடியில அட்டையைப் பாத்துட்டு இருக்கிறவன் மாப்ளே. உன் மூஞ்சியை எவன் பாத்தான்?"

சடையப்பன் டீச்சரிடம் திரும்பினார்.

"உங்களுக்கு?"

"தெரியும் அண்ணே."

"எப்ப இருந்து?"

"நீங்க வந்த ரெண்டாவது மாசத்துல இருந்து."

"பதினோரு வருஷம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா டீச்சர்?"

டீச்சர் படியில் உட்கார்ந்தார். பூண்டுத் தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"நீங்க மருந்தைப் பத்தித்தானே அண்ணே கேட்டீங்க."